12 மணி நேர ஷிப்டில் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கூட்டினால் 12 மணி 26 நிமிடம் வருகிறது: எஃப்எக்ஸ்3யூ

பிறை_மோல்டிங்

வணக்கம். பினாங்கின் பிறையில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் லைன், ஆறு மெஷின். மெஷின்களின் சொந்தக் கன்ட்ரோலரில் கை வைக்காமல், தனியாக ஒரு மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ பிஎல்சி (மெஷின் கட்டுப்பாட்டுக்கான சிறு கம்ப்யூட்டர்) போட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்று எடுக்கிறோம். ஷிப்ட் காலை 7 முதல் இரவு 7, பிறகு இரவு 7 முதல் காலை 7.

ஒவ்வொரு மெஷினிலும் "மோல்ட் மூடியிருக்கிறது" சிக்னலை ஒரு ரிலே வழியாக இன்புட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். லேடர் (பிஎல்சி புரோகிராம்) இவ்வளவுதான். எக்ஸ் என்பது இன்புட், எம் உள் ரிலே, சி கவுண்டர், டி என்பது எண் வைக்கும் ரெஜிஸ்டர்; எல்டிஐ என்றால் சிக்னல் இல்லாதபோது:

எல்டி எக்ஸ்0 – அண்ட் எம்8013 – அவுட் சி100 கே32767
எல்டிஐ எக்ஸ்0 – அண்ட் எம்8013 – அவுட் சி101 கே32767

எம்8013 ஒரு விநாடி பல்ஸ், சி100-க்கு மேல் பவர் போனாலும் மதிப்பு அழியாத கவுண்டர். ஆக சி100-ல் ஓடிய விநாடி, சி101-ல் நின்ற விநாடி இருக்க வேண்டும்.

இரண்டு சிக்கல். மூன்றாம் மெஷின் நிற்காமல் ஓடும் நாளில் சி100 மாலை 5:50 வாக்கில் 32,767-ல் நின்றுவிடுகிறது. ஐந்தாம் மெஷினில் நேற்றைய பகல் ஷிப்டில் சி100 = 29,600, சி101 = 15,200. கூட்டினால் 44,800 விநாடி. 12 மணி நேரத்துக்கு 43,200தானே? அந்த 1,600 எங்கிருந்து வந்தது? சைக்கிள் 22 விநாடி, அதில் மோல்ட் 18 விநாடி மூடியிருக்கும், 4 விநாடி திறந்திருக்கும். அந்த ஷிப்டில் 1,600 ஷாட்.

மேனேஜ்மென்ட் இந்த எண்களை வைத்துத்தான் அவெய்லபிலிட்டி (ஓட வேண்டிய நேரத்தில் ஓடிய பங்கு) கேட்கிறார்கள். எப்படிச் சரி செய்வது?

---

ஏணிப்படி

முதல் சிக்கல் எளிது. 16 பிட் கவுண்டர் 32,767-க்கு மேல் போகாது, செட் வேல்யூவைத் தொட்டதும் அங்கேயே நிற்கும். 32,767 விநாடி என்றால் 9 மணி 6 நிமிடம் 7 விநாடி. மோல்ட் திறந்திருக்கும் விநாடிகள் சி100-ல் சேராததால்தான் மாலை 5:50 வரை தாங்கியது. 8 மணி நேர ஷிப்டுக்கு (28,800) எழுதிய லேடரை 12 மணி நேர ஷிப்டுக்கு அப்படியே ஏற்றினால் இப்படித்தான் வரும். கவுண்டருக்குப் பதில் ரெஜிஸ்டரில் 16 பிட் இன்க்ரிமென்ட் போட்டால் இன்னும் மோசம்: 32,767-க்கு அடுத்து -32,768 என்று புரண்டுவிடும். 32 பிட்டுக்கு மாறுங்கள். விநாடிக்கு ஒன்று கூட்டினாலும் நிரம்ப 68 வருடம் ஆகும்.

32 பிட் கவுண்டர் எஃப்எக்ஸ்3யூவில் உண்டு. பவர் போனாலும் மதிப்பு நிற்பவை சி220 முதல் சி234 வரை 15 மட்டுமே. ஆறு மெஷின், ஒவ்வொன்றுக்கும் பல காரணம் என்று போகும்போது போதாது. ரெஜிஸ்டரில் டிஇன்க் (32 பிட் எண்ணில் ஒன்று கூட்டுவது) போடுவதே வழி. டி512 முதல் டி7999 வரை பேட்டரியில் நிற்கும் பகுதி, அதற்குள் வையுங்கள். டி0 முதல் டி199-ல் வைத்தால் பவர் போனதும் பூஜ்யம்.

இரண்டாவது சிக்கல்தான் சுவையானது. உங்கள் 1,600 விநாடியும் 1,600 ஷாட்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல் இல்லை.

கவுண்டர் எண்ணுவது எம்8013 ஏறுவதை அல்ல, "எக்ஸ்0-வும் எம்8013-ம் சேர்ந்தது" ஏறுவதை. எம்8013 அரை விநாடி ஆன், அரை விநாடி ஆஃப். அது ஏற்கெனவே ஆனாக இருக்கும் அரை விநாடிக்குள் எக்ஸ்0 வந்து சேர்ந்தால், அங்கே ஒரு புது ஏற்றம் பிறக்கிறது. கவுண்டர் அதையும் ஒரு விநாடியாக எண்ணிவிடும். அப்படி விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனவே ஒவ்வொரு முறை மோல்ட் மூடும்போதும் சி100-ல் சராசரியாக அரை விநாடி கூடுதல், திறக்கும்போது சி101-ல் அரை விநாடி கூடுதல். ஒரு ஷாட்டுக்கு மொத்தம் ஒரு விநாடி. 1,600 ஷாட்டுக்கு 1,600 விநாடி.

சரி செய்ய, எட்ஜை (ஆஃபிலிருந்து ஆனாகும் கணத்தை) எம்8013 மேலேயே எடுங்கள்:

எல்டிபி எம்8013 – அவுட் எம்60

இதை புரோகிராமின் தலையில் ஒரே ஒரு முறை எழுதி, மற்ற எல்லா இடத்திலும் எம்60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு

எல்டி எம்60 – அண்ட் எக்ஸ்0 – டிஇன்க் டி520

இப்போது டிக் விழும் நொடியில் எக்ஸ்0 எந்த நிலையில் இருக்கிறதோ, அதன் கணக்கில் மட்டும் ஒன்று ஏறும். ஒரு தனி நிறுத்தத்தில் முன்னே பின்னே ஒரு விநாடி பிழை இருக்கலாம், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது. இரண்டு பக்கமும் கூட்டினால் எப்போதும் டிக்குகளின் மொத்தமே வரும்.

ஆனால் இதைச் சரி செய்தாலும் உங்கள் எண் தப்பாகவே இருக்கும். சிக்னலே தப்பு. 1,600 ஷாட், தலா 22 விநாடி, ஆக 35,200 விநாடி மெஷின் உற்பத்தியில் இருந்திருக்கிறது. உண்மையில் நின்றது 8,000 விநாடி, 2 மணி 13 நிமிடம். சி101 காட்டுவதோ 15,200. மிச்சம் 7,200-ல் 6,400 விநாடி மோல்ட் திறந்து பார்ட் தள்ளிய நேரம், 800 மேலே சொன்ன எட்ஜ் பிழை. மெஷின் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை நிறுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவெய்லபிலிட்டி 81.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 66 என்று போயிருக்கும்.

---

பேனல்கார்

ஏணிப்படி அண்ணன் சொன்னதோடு சிக்னல் பக்கம் கொஞ்சம்.

எந்த மெஷினானாலும் ஓட்டம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மோட்டார் கான்டாக்டரின் துணைக் கான்டாக்டை எடுத்தால் பம்ப் சுற்றுவது தெரியும், பார்ட் வருவது தெரியாது. ஹைட்ராலிக் மெஷினில் பம்ப் நாள் முழுக்கச் சுற்றும். ஆட்டோ மோட் விளக்கை எடுத்தால், ஆபரேட்டர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் சில மெஷினில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மோல்டிங்குக்கு நம்பக்கூடியது ஷாட் முடிந்த பல்ஸ் ஒன்றுதான். அது கடைசியாக வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத்தான் நின்றதா ஓடுகிறதா என்று தீர்மானிக்க வேண்டும்.

கம்ப்ரஸர், கூலிங் டவர் பம்ப் மாதிரி சுற்றினாலே வேலை நடப்பவற்றுக்கு கான்டாக்டர் சிக்னல் போதும். அவற்றுக்கு சர்வீஸ் மணிக்கணக்கு மட்டும் வேண்டுமென்றால் எஃப்எக்ஸ்3யூவில் ஹவர் என்றே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரில் மணி, அடுத்த ரெஜிஸ்டரில் மணிக்குள்ளான விநாடி, குறித்த மணி தாண்டினால் ஒரு அவுட்புட் ஆன். கிரீஸ் வைத்து முடித்ததும் இரண்டு ரெஜிஸ்டரையும் பூஜ்யமாக்க வேண்டும். பலர் முதல் ஒன்றை மட்டும் அழிக்கிறார்கள்.

ஒயரிங்கில் பார்க்க வேண்டியவை:

மெஷினின் 24 வோல்ட்டையும் உங்கள் பிஎல்சியின் 24 வோல்ட்டையும் ஒன்றாக இணைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே போடும் இன்டர்போசிங் ரிலேவின் காயில் மெஷின் பக்கம், கான்டாக்ட் பிஎல்சி பக்கம். காயிலுக்குக் குறுக்கே டயோட் கட்டாயம், இல்லாவிட்டால் மெஷினின் அவுட்புட் கார்டு போனால் பழி நம் மேல்தான் விழும்.

பிஎல்சி இன்புட் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். 5 ஆம்பியர் சாதாரண ரிலே கான்டாக்டில் இவ்வளவு குறைந்த கரன்ட் போனால் கான்டாக்ட் மேல் படியும் படலம் எரியாது, சில மாதத்தில் விட்டு விட்டு வேலை செய்யும். தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள ரிலே போடுங்கள், அல்லது ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும்) மாட்யூல். ஒரு நாளைக்கு 3,000-க்கு மேல் ஷாட் என்றால் ஆப்டோதான் என் தேர்வு.

டவர் லைட்டிலிருந்து சிக்னல் எடுத்தால் மினுக்கும் விளக்கைக் கவனியுங்கள். சிவப்பு மினுக்கினால் அதை நூறு நிறுத்தமாக எண்ணிவிடும். 2 விநாடி ஆஃப் டிலே போட்டால் மினுக்கல் ஒரே நீளமான சிக்னலாகிவிடும்.

ஷாட் பல்ஸ் எவ்வளவு நேரம் ஆனாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். எஃப்எக்ஸ்3யூவின் இன்புட் ஃபில்டர் ஆலைச் செட்டிங்கில் 10 மில்லிவிநாடி (டி8020), அதோடு ஸ்கேன் நேரம் (லேடரை ஒரு முறை முழுக்கப் படிக்கும் நேரம்). பல்ஸ் 100 மில்லிவிநாடி இருந்தால் கவலையில்லை. கன்வேயரில் ப்ராக்ஸிமிட்டி சென்சார் வைத்து வேகமாக எண்ணும் வேலை வந்தால் சி235 மாதிரி ஹை ஸ்பீட் கவுண்டர்தான், சாதாரண லேடரில் சில தவறிப்போகும்.

---

பிறை_மோல்டிங்

அண்ணன்மார்களுக்கு நன்றி. மெஷினில் ஷாட் முடிந்ததும் ஒரு ஸ்பேர் ரிலே அவுட்புட் அரை விநாடி அடிக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஷாட் வராததை வைத்து நிறுத்தம் என்று முடிவு செய்ய நேரம் பிடிக்குமே, அதற்குள் போன விநாடிகள்? காரணம் வாரியாகவும் பிரிக்க வேண்டும். பவர் கட் ஆன நேரத்தை எப்படிச் சேர்ப்பது?

---

ஏணிப்படி

ஒவ்வொன்றாக.

ஷாட் பல்ஸின் ஏறும் எட்ஜை எடுத்து எம்50 ஆக்குங்கள், ஒரு ஸ்கேன் மட்டும் ஆன். எம்50 இல்லாதபோது ஓடுமாறு 10-ஆம் எண் டைமரைப் போடுங்கள், அது 100 மில்லிவிநாடி டைமர். அதன் செட் வேல்யூ சைக்கிளின் ஒன்றரை மடங்கு, உங்களுக்கு 33 விநாடி, அதாவது 330. நேரடியாக எக்ஸ் இன்புட்டால் டைமரை ரீசெட் செய்யாதீர்கள். ரிலே ஒட்டிக்கொண்டு எக்ஸ் ஆனிலேயே நின்றால் டைமர் ஓடவே ஓடாது, செத்த மெஷினை "ஓடுகிறது" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

டைமர் அடித்ததும் நிறுத்த நிலை. அடுத்த எம்50 வரும்போது ஓட்ட நிலை. இங்கே பலர் "33 விநாடி தாமதமாகத்தானே கண்டுபிடித்தோம், 33-ஐ நிறுத்தத்தில் சேர்ப்போம்" என்பார்கள். அது அதிகம். கடைசி ஷாட்டிலிருந்து எண்ணுங்கள். ஒரு சைக்கிளுக்கு 22 விநாடி எப்படியும் ஆகும். நடுவில் மெஷின் 100 விநாடி நின்றால் அடுத்த பல்ஸ் 122-ஆவது விநாடியில் வரும். நீங்கள் 33-ல் நிறுத்தம் தொடங்கி 122-ல் முடிக்கிறீர்கள், பதிவானது 89. விடுபட்டது 11 மட்டுமே. எனவே டைமர் அடிக்கும் ஸ்கேனில் நிறுத்தத்தில் 11 கூட்டி, ஓட்டத்தில் 11 கழியுங்கள் (செட் நேரம் கழித்தல் சைக்கிள் நேரம்). 11 விநாடிக்குக் குறைந்த தடுமாற்றம் நிறுத்தமாகவே பதிவாகாது. அது பெர்ஃபார்மன்ஸ் (வேகம்) கணக்கில் தானாக விழும், அங்கேதான் விழவும் வேண்டும்.

சைக்கிள் நேரத்தை மோல்டோடு சேர்த்து ரெஜிஸ்டரில் வையுங்கள், லேடரில் எண்ணாக எழுதாதீர்கள். 40 விநாடி மோல்ட் ஏறிய நாளில் 33 விநாடி டைமர் ஒவ்வொரு ஷாட்டிலும் அடிக்கும்.

காரணம் பிரிக்க, காரணத்துக்கு ஒரு டைமர் என்று போகாதீர்கள். இரண்டு டைமர் ஒரே நேரத்தில் ஓடும், கூட்டல் மறுபடி மீறும். ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு நிலை எண்: 0 திட்டமிட்ட ஓய்வு, 1 ஓட்டம், 2 மெஷின் கோளாறு, 3 மோல்ட் மாற்றம், 4 மெட்டீரியல் இல்லை, 5 ரோபோ, 6 கியூசி (தரச் சோதனை) காத்திருப்பு, 7 காரணம் போடாதது. எந்த நொடியிலும் ஒன்றுதான். நிலை எண்ணை இரண்டால் பெருக்கி (32 பிட் என்பதால் ஒரு பெட்டிக்கு இரண்டு ரெஜிஸ்டர்) டி510-ல் வைத்து:

எல்டி எம்60
டிமூவ் டி510 இசட்0
டிஇன்க் டி520இசட்0
டிஇன்க் டி540

இசட்0-வில் உள்ள எண் டி520-ன் முகவரியோடு கூடி, அந்த நிலையின் பெட்டியைக் காட்டும். டி520 முதல் டி535 வரை எட்டுப் பெட்டி, டி540-ல் மொத்தம். எட்டையும் கூட்டினால் டி540 வர வேண்டும். வராவிட்டால் எச்எம்ஐயில் (ஆபரேட்டர் திரையில்) சிவப்பாகக் காட்டுங்கள், பிழையை அன்றே பிடித்துவிடலாம். அடுத்த மெஷினுக்கு டி620, டி720 என்று நூறு நூறாகத் தள்ளிக்கொள்ளுங்கள். நிலை எண்ணைத் தீர்மானிக்கும் வரிகளில் முன்னுரிமை வேண்டும்: திட்டமிட்ட ஓய்வு மேலே, பிறகு மோல்ட் மாற்றம், பிறகு கோளாறு. ஒரு கோளாறு பத்து அலாரத்தைக் கிளப்பும், முதலில் வந்ததை லாட்ச் செய்து மற்றதை மறுங்கள்.

ஷிப்ட் மாறும்போது டி520-லிருந்து 22 ரெஜிஸ்டரை பிமூவ் கொண்டு டி560-க்குக் காப்பி செய்து, எஃப்மூவ் கொண்டு பழையதைப் பூஜ்யமாக்குங்கள். ஒரே ஸ்கேனில், காப்பி முதலில். 07:00:00 என்று மணியைச் சமமாக ஒப்பிட்டு இதைக் கிளப்பாதீர்கள். அந்த நொடியில் பவர் இல்லாவிட்டால் ஷிப்ட் மாறவே மாறாது. தேதி பெருக்கல் 10, கூட்டல் ஷிப்ட் எண் என்று ஒரு சாவி எண் செய்யுங்கள் (17-ஆம் தேதி பகல் 171, இரவு 172). பேட்டரி ரெஜிஸ்டரில் உள்ள பழைய சாவியோடு வேறுபட்டால் ஷிப்ட் மாற்றம். நள்ளிரவிலிருந்து 6:59 வரை சாவியைப் புதுப்பிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் 12 மணி அடித்ததும் இரவு ஷிப்ட் இரண்டாக உடையும்.

பவர் கட்: எம்8014-ன் ஏறும் எட்ஜில், நிமிடத்துக்கு ஒரு முறை, டிஆர்டி இன்ஸ்ட்ரக்‌ஷனால் கடிகாரத்தை டி590 முதல் டி596 வரை எழுதிவையுங்கள். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, கிழமை என்ற வரிசையில் வரும். பவர் திரும்பியதும் எம்8002-வில் (முதல் ஸ்கேனில் மட்டும் ஆன்) இப்போதைய நேரத்தை வேறொரு இடத்தில் படித்து, இரண்டையும் விநாடியாக்கிக் கழித்தால் பவர் இல்லாத நேரம் கிடைக்கும், ஒரு நிமிடத் துல்லியத்தில். விநாடியாக்க எச்டிஓஎஸ் இருக்கிறது, ஆனால் டிஎச்டிஓஎஸ் போடுங்கள். 16 பிட் வடிவம் 9 மணி 6 நிமிடம் 7 விநாடிக்கு மேல் தாங்காது, அதே 32,767தான். நள்ளிரவு கடந்திருந்தால் 86,400 கூட்டிக்கொள்ளுங்கள். இந்த வரிகள் டிஆர்டி எழுதும் வரிக்கு மேலே இருக்க வேண்டும்.

---

பாயான்_எஸ்7

சீமென்ஸ் எஸ்7-1200 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. பாயான் லெப்பாஸ் பக்கம் இதுதான் அதிகம் கண்ணில் படுகிறது.

டிஓஎன்ஆர் நேரம் சேர்க்கும் டைமர்தான், ஆனால் டைம் வகை 24 நாள் 20 மணி 31 நிமிடத்தோடு முடிந்துவிடும். ஷிப்டுக்கு ஷிப்ட் ரீசெட் செய்தால் பிரச்சினை இல்லை, வருடக் கணக்குக்கு ஆகாது. ஆர்டிஎம் மணிக்கணக்கு மீட்டர் முழு மணியாக மட்டும் தரும், மெயின்டெனன்ஸுக்கு நல்லது, நிறுத்தத்துக்கு உதவாது. இங்கேயும் கிளாக் மெமரி பைட்டின் 5-ஆம் பிட், ஒரு ஹெர்ட்ஸ், அதன் மேல் எட்ஜ், டிஇன்ட் (32 பிட் எண்) அர்ரே, நிலை எண்ணே இண்டெக்ஸ். இரண்டால் பெருக்கும் தலைவலி கிடையாது.

கவனிக்க வேண்டியது டவுன்லோட். டேட்டா பிளாக்கில் ஒரு புது டேக் சேர்த்துவிட்டு டவுன்லோட் செய்தால், ரீடெயின் போட்டிருந்தாலும் அந்த பிளாக் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடும். சேர்த்து வைத்த மணிக்கணக்கு எல்லாம் போச்சு. கணக்குகளை மட்டும் தனி டேட்டா பிளாக்கில் வைத்து அதைத் தொடாதீர்கள். மெமரி ரிசர்வ் ஒதுக்கி, ரீஇனிஷியலைஸ் ஆகாத டவுன்லோடையும் பயன்படுத்தலாம்.

ஆம்ரான் ஆட்களுக்கு: சிஎன்டி கவுண்டர் பிசிடி (நான்கு பதின்ம இலக்கம்), 9,999 வரைதான். விநாடி பல்ஸ் கொடுத்தால் 2 மணி 46 நிமிடத்தில் முடிந்துவிடும். சிஎன்டிஎக்ஸ் போட்டால் 65,535, 12 மணி நேரத்துக்குத் தாங்கும்.

---

ஷிப்ட்_கணக்கு

லேடர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 7-ஆம் பெட்டி, "காரணம் போடாதது", பெருத்துக்கொண்டே போனால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. புரொடக்‌ஷன் பக்கத்திலிருந்து சில விஷயம்.

எச்எம்ஐயில் காரணப் பொத்தான் ஆறுக்கு மேல் வேண்டாம். இருபது காரணம் வைத்தால் ஆபரேட்டர் கைக்கு எட்டும் முதல் பொத்தானைத்தான் அழுத்துவார். நம் லைனில் நேபாளி, வங்காளி, மலாய், தமிழ் எல்லாரும் நிற்கிறார்கள். எழுத்தை நம்பாமல் படமும் நிறமும் பெரிய எண்ணும் போடுங்கள், அதே எண் நிலை எண்ணாகவும் இருக்கட்டும். மெஷின் அலாரத்திலிருந்து தானாக எடுக்கக் கூடியதை ஆளிடம் கேட்கவே வேண்டாம். மெட்டீரியல் ஹாப்பரில் லெவல் சென்சார் இருந்தால் 4 தானாக விழட்டும்.

காரணத்தை ஆபரேட்டர் எப்போது அழுத்துவார்? மெஷின் நின்றதும் அல்ல. ஓடி வந்து, சரி செய்து, திரும்ப ஓட்டிவிட்டுத்தான். அதனால் தம்பி, நிற்கும்போதே 7-ல் ஏற்றிவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட, நடப்பு நிறுத்தத்தின் விநாடியைத் தனி ரெஜிஸ்டரில் சேருங்கள். மெஷின் ஓடத் தொடங்கி 2 நிமிடம் வரை காரணம் போட இடம் கொடுத்து, பிறகு மொத்தமாக அந்தப் பெட்டியில் கூட்டுங்கள். அப்போது ஏணிப்படி சாரின் கூட்டல் சரிபார்ப்பில் இந்தத் தனி ரெஜிஸ்டரையும் சேர்க்க மறக்காதீர்கள். ஷிப்ட் மாறும் நொடியில் அதைக் கட்டாயமாக மூடி, மிச்சத்தைப் புது ஷிப்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். நிறுத்த எண்ணிக்கையை மட்டும் இரண்டாவது முறை கூட்டாதீர்கள், எம்டிபிஎஃப் (இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான சராசரி ஓட்ட நேரம்) தப்பாகக் குறைந்துவிடும்.

மோல்ட் மாற்றத்துக்கு ஒரு சாவி சுவிட்ச் வையுங்கள். ஷாட் பல்ஸ் வந்தவுடன் ஓட்டம் என்று விட்டால் ட்ரையல் ஷாட்டெல்லாம் உற்பத்தியாகிவிடும். பழைய மோல்டின் கடைசி நல்ல பார்ட்டிலிருந்து புது மோல்டின் முதல் நல்ல பார்ட் வரை மாற்ற நேரம். கியூசி ஓகே சொன்னதும் சாவியைத் திருப்பட்டும்.

திட்டமிட்ட ஓய்வு வெள்ளிக்கிழமை வேறு. ஜும்மா தொழுகைக்கு மதிய இடைவேளை நீளும், செமி ஆட்டோ மெஷின்கள் ஆளில்லாமல் நிற்கும். டி8019-ல் கிழமை இருக்கிறது, ஞாயிறு 0, வெள்ளி 5. 5 என்றால் வேறு இடைவேளை அட்டவணை. இதைச் செய்யாவிட்டால் வாரா வாரம் வெள்ளி மட்டும் அவெய்லபிலிட்டி சரியும், யாராவது அதற்கு மீட்டிங் போடுவார்கள். இடைவேளையிலும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு 0 கொடுக்காதீர்கள், 1-ஆகவே விடுங்கள். ஓய்வு நேரமும் ஷாட் வராததும் சேர்ந்தால்தான் 0.

அவெய்லபிலிட்டி என்பது ஓட்டம் வகுத்தல் (மொத்தம் கழித்தல் 0-ஆம் பெட்டி). பெர்ஃபார்மன்ஸ் என்பது சைக்கிள் பெருக்கல் ஷாட், வகுத்தல் ஓட்டம். பெர்ஃபார்மன்ஸ் 100-ஐத் தாண்டினால் மெஷின் பறக்கிறது என்று அர்த்தமில்லை, எச்எம்ஐயில் போட்ட சைக்கிள் நேரம் பழையது. 85 சதவீதம் ஓஇஇ (அவெய்லபிலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், தரம் மூன்றின் பெருக்கல்) என்று எல்லாரும் சொல்வது 90, 95, 99.9 மூன்றையும் பெருக்கி வருவது. அடிக்கடி மோல்ட் மாற்றும் லைனுக்கு அதை இலக்காக ஒட்டிவைத்தால், மோல்ட் மாற்ற நேரத்தை 0-ஆம் பெட்டியில் ஒளிக்கத்தான் ஆள் பழகுவார்கள்.

---

பிறை_மோல்டிங்

அக்கா, அண்ணன்மார், மிக்க நன்றி. ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தேன். டி540 சரியாக ஏறுகிறது, ஆனால் டி520 பெட்டிகள் அசையவே இல்லை, எம்8067 ஆன் ஆகிறது. இசட்0-வில் 2 சரியாகத்தான் இருக்கிறது. டிமூவுக்குப் பதில் மூவ் போட்டேன், எண் சின்னதுதானே என்று. ரெசிப்பி பகுதியில் வி0 பயன்பாட்டில் இருக்கிறது.

---

ஏணிப்படி

அதேதான் காரணம். 32 பிட் இன்ஸ்ட்ரக்‌ஷனில் இசட்0 போட்டால் அது தனியாக வேலை செய்யாது. வி0 மேல் பாதி, இசட்0 கீழ் பாதி என்று சேர்ந்து ஒரு 32 பிட் எண்ணாகும். ரெசிப்பி வி0-வில் எதையோ விட்டுவைத்திருப்பதால் முகவரி எங்கோ எல்லைக்கு வெளியே போகிறது, பிஎல்சி எம்8067-ல் ஆபரேஷன் எரர் சொல்லி அந்த வரியைச் செய்யாமல் விடுகிறது. எரர் கோடு டி8067-ல் இருக்கும். டிமூவ் போட்டால் வி0-வும் சேர்ந்து பூஜ்யமாகும், டி511-ம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிப்பியோடு சண்டை வராமல் இருக்க இந்தக் கணக்குக்கு இசட்3 எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது வி3 யாருக்கும் வேண்டாம் என்று உறுதி செய்தால் போதும்.

அப்படியே பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரெஜிஸ்டர்கள் எல்லாம் எஃப்எக்ஸ்3யூ-32பிஎல் பேட்டரியின் தயவில் நிற்கின்றன. மெமரி கேஸட் போடாத எஃப்எக்ஸ்3யூவில் புரோகிராமும் அதே பேட்டரியில்தான். எம்8006-ஐ (பேட்டரி தீர்கிறது என்ற அறிகுறி) எச்எம்ஐயில் எச்சரிக்கையாகக் கொண்டுவாருங்கள், பேனல் கதவுக்குப் பின்னால் எரியும் பேட் விளக்கை யாரும் பார்ப்பதில்லை. மாற்றும்போது பவரை அணைத்து, பழையதைக் கழற்றி 20 விநாடிக்குள் புதியதை மாட்ட வேண்டும். நீண்ட விடுமுறைக்கு மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன் டி520 முதலான பெட்டிகளை ஜிஎக்ஸ் ஒர்க்ஸில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

பேனல்கார்

கம்ப்யூட்டரில் எக்ஸெலுக்கு இழுக்கப் போகிறீர்கள் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் டி520-ஐப் படிக்காமல் ஷிப்ட் முடிந்து காப்பியான டி560-ஐப் படியுங்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் பூஜ்யமாக்காத பெரிய கணக்கு என்றால், கீழ் பாதியும் மேல் பாதியும் தனித்தனி ரிக்வெஸ்டில் வந்து, நடுவில் 65,535 தாண்டினால் ஒரு தடவை 18 மணி நேரம் கூடுதலாகக் காட்டும். மோட்பஸில் (பிஎல்சியும் கம்ப்யூட்டரும் பேசும் முறை) எண் கோடிக்கணக்கில் தெரிந்தால் இரண்டு வேர்டும் இடம் மாறி வருகிறது, மென்பொருளில் வேர்ட் ஸ்வாப் போடுங்கள்.